மேற்கே போன வண்டிகள்: ‘1883’ தொடர் குறித்து வாசகர் கேள்விகள்

‘1883’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் தங்கள் கருத்துகளையும் ஐயங்களையும் எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், ஒத்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறோம். பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: டென்னசியிலிருந்து கிளம்பிய டட்டன் குடும்பம், டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகரில், ஜெர்மனி முதலான நாடுகளிலிருந்து வந்திறங்கிய குடியேறிகளோடு சேர்ந்துகொண்டு, கூண்டு வண்டிகளில் வடமேற்கே ஆரெகனை நோக்கிப் புறப்படுகிறது, ஆனால் வழியில் மொன்டானாவிலேயே தங்கிவிடுகிறது. டெய்லர் ஷெரிடன் எழுதிய இத்தொடர் 2021 டிசம்பர் 19 அன்று பாரமவுன்ட் பிளஸ் தளத்தில் தொடங்கி, 10 எபிசோடுகளில் 2022 பிப்ரவரியில் முடிந்தது. பதில்களில் கதையின் முடிவும் பேசப்படுகிறது. முடிவு தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

நண்பர்கள் எல்லாரும் ஆகா ஓகோ என்றார்கள். எனக்கோ பொறுமைக்கு வைத்த சோதனையாக இருந்தது. வண்டி போகிறது, நிற்கிறது, மறுபடியும் போகிறது. இதைப் பாதி நேரத்தில் சொல்லியிருக்க முடியாதா?
— வாசகர், ஈரோடு

சொல்லியிருக்கலாம். நடு எபிசோடுகளில் கதை ஒரே இடத்தில் சுற்றுகிறது என்ற குறை நியாயமானதே. கொள்ளையர் வருவதும், துரத்துவதும், யாரோ ஒருவரைப் புதைப்பதும், டட்டன் குடும்பத்து மகள் எல்சா தனக்குள் பேசிக்கொள்வதும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் பயணம் மெதுவாகப் போகிறது என்பதை மட்டும் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரிலிருந்து ஆரெகன் வரையிலான பழைய வண்டித் தடம் சுமார் 3,500 கிலோமீட்டர் நீளம். மாடு பூட்டிய வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர்தான் நகரும். தடையில்லாத ஒரு நாளில் 25 முதல் 30 கிலோமீட்டர் கடந்தால் அது நல்ல நாள். மொத்தப் பயணம் நான்கு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை பிடித்தது. புல் முளைக்கும் ஏப்ரல், மே மாதங்களுக்கு முன்னால் கிளம்பினால் மாட்டுக்குத் தீனி கிடைக்காது. தாமதமாகக் கிளம்பினால் மலையில் பனி மறித்துக்கொள்ளும். வையோமிங்கில் இருக்கும் ஒரு பெரும் பாறையை ஜூலை 4-ஆம் தேதிக்குள் எட்டிவிட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். அமெரிக்கச் சுதந்திர நாளையொட்டி அதற்கு ‘இண்டிபெண்டன்ஸ் ராக்’ என்றே பெயர் வந்தது. வந்தவர்கள் செதுக்கிவிட்டுப் போன பெயர்களை இன்றும் அதில் பார்க்கலாம். 1846-இல் கலிபோர்னியாவுக்குப் போன டானர் குழுவினர் குறுக்கு வழி என்று நம்பி ஒரு பாதையில் இறங்கித் தாமதமானதால், சியரா நெவாடா மலையின் பனியில் சிக்கி, 87 பேரில் ஏறத்தாழப் பாதிப் பேரை இழந்தார்கள். மெதுவாகப் போகும் வண்டிக்குள் இந்த அவசரம் எப்போதும் இருந்தது. வழிகாட்டியான ஷே பிரென்னன் எல்லார் மேலும் எரிந்து விழுவதற்குக் காரணம் அதுதான்.

எல்சாவின் பின்னணிக் குரல் எனக்குக் கவிதையாகக் கேட்டது. என் மகளோ, “அந்தப் பெண் வாயை மூடினால் தேவலை” என்கிறாள். தீர்ப்பு சொல்லுங்கள்.
— வாசகி, நாகர்கோவில்

வந்த கடிதங்களில் அதிகமானவை இதைப் பற்றியவையே. அவற்றிலும் உங்கள் வீட்டைப் போலவே இரண்டு கட்சிகள்.

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நுழைவது ஆபத்தான வேலை என்றாலும், மகள் பக்கம் சற்றுக் கூடுதல் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். இசபெல் மே நடித்த எல்சா, முதல்முறையாகச் சமவெளியைப் பார்க்கும்போதும், மாடு மேய்க்கும் ஆண்களுக்கு நடுவே குதிரையில் போகும்போதும், தன் பாவாடையைக் களைந்துவிட்டுக் கால்சட்டைக்கு மாறும்போதும் பேசுகிறவை அந்த வயதுக்கும் அந்த நேரத்துக்கும் பொருந்துகின்றன. சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஒரு தாய் தன் குழந்தையைப் புதைப்பதை நாம் கண்ணால் பார்த்து முடித்த பிறகு, மரணம் என்றால் என்ன என்று அந்தக் குரல் நமக்குப் பாடம் எடுக்கும்போதுதான். அப்போது பேசுபவர் எல்சாவா, எழுத்தாளரா என்ற ஐயம் வந்துவிடுகிறது.

உண்மையில் இந்தத் தடத்தில் போன பெண்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான நாட்குறிப்புகள் இன்றும் அமெரிக்க ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. இன்று எத்தனை மைல் வந்தோம், தண்ணீர் நன்றாக இருந்ததா, விறகு கிடைத்ததா, யாருக்குக் காய்ச்சல், வழியில் எத்தனை புதிய கல்லறைகள் என்று ஒன்றிரண்டு வரிகளில் முடிந்துவிடுகிற குறிப்புகள் அவற்றில் ஏராளம். துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், தினமும் கல்லறைகளை மட்டும் எண்ணிக்கொண்டு போன பெண்களும் உண்டு. அந்தச் சிக்கனத்தில் கால்பங்கு எல்சாவின் குரலுக்கு வாய்த்திருந்தால், உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது.

தொடரின் பெயரே ஓர் ஆண்டு. 1883-இல் உண்மையில் இப்படி வண்டி கட்டிக்கொண்டு போனார்களா? அப்போது ரயில் வந்துவிடவில்லையா?
— வாசகர்கள் பலர். முதலில் எழுதியவர் ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற திருச்சி அன்பர்

திருச்சி அன்பர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இந்தத் தொடரைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்லலாம் என்றால், நான் இதைத்தான் சொல்வேன்: இது 1850-இன் கதை, 1883 என்று சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

ஆரெகன் தடம் பெருவாரியாகப் புழங்கிய காலம் 1840-களும் 1850-களும் 1860-களும்தான். ஏறத்தாழ ஆயிரம் பேர் ஒன்றாகப் புறப்பட்ட முதல் பெரிய கூட்டம் 1843-இல் போயிற்று. அதன்பின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மேற்கே போனார்கள். 1869 மே 10 அன்று யூட்டாவில் இரண்டு ரயில் பாதைகள் சந்தித்து, கிழக்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு ரயிலிலேயே போகலாம் என்று ஆனதும், ஆறு மாதப் பயணம் ஏறத்தாழ ஒரு வாரமாகச் சுருங்கிவிட்டது. ரயில் கட்டணமும் சாமான் கூலியும் கட்டுப்படியாகாத ஏழைக் குடும்பங்கள் அதற்குப் பின்னும் ஆங்காங்கே வண்டியில் போனதுண்டு. ஆகவே தொடரில் காண்பது நடக்கவே முடியாத ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இத்தனை வண்டிகள், இத்தனை பேர், கூலிக்கு வழிகாட்டிகள் என்று ஒரு முழுக் கூட்டம் டெக்சஸிலிருந்து கிளம்புவது அந்த ஆண்டுக்குப் பொருந்தாது.

இதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அதே 1883 செப்டம்பர் 8 அன்று, டட்டன் குடும்பம் போய்ச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் அதே மொன்டானாவில், கோல்ட் கிரீக் என்ற இடத்தில், நார்தர்ன் பசிபிக் ரயில் பாதையின் கடைசி ஆணியை அடித்து விழா எடுத்தார்கள். முன்னாள் ஜனாதிபதி யுலிசீஸ் கிரான்ட் அவ்விழாவுக்கு வந்திருந்தார். அத்தோடு முடியவில்லை. அந்தப் பாதையில் இருக்கும் லிவிங்ஸ்டன் ஊரிலிருந்து தெற்கே, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குச் சுற்றுலாப் பயணிகளைக் கொண்டுபோக ஒரு கிளைப் பாதையும் அதே ஆண்டில் போடப்பட்டது. அந்தக் கிளைப் பாதை போகும் இடம் பேரடைஸ் பள்ளத்தாக்கு. எல்சாவுக்குக் கல்லறை அமைந்ததாகத் தொடர் காட்டும் பள்ளத்தாக்கும் அதுதான்.

இவ்வளவும் ஷெரிடனுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. இதே குடும்பத்தின் பிற்காலத் தலைமுறையைப் பற்றி 2018-இல் தொடங்கிய அவருடைய ‘யெல்லோஸ்டோன்’ தொடரில் டட்டன் குடும்பத்துக்கு ஒரு தலைமுறைக் கணக்கு உண்டு. அதற்கு ஏற்ப ஆண்டை நிறுத்த வேண்டியிருந்தது. தவிர, 1883 என்பது வண்டிகளுக்குத்தான் தவறான ஆண்டு; மாட்டு மந்தைகளுக்கு மிகச் சரியான ஆண்டு. டெக்சஸிலிருந்து வடக்கே லட்சக்கணக்கான மாடுகளை ஓட்டிப்போன காலத்தின் கடைசிக் கட்டம் அது. 1886–87 பனிக்காலத்தில் மந்தை மந்தையாக மாடுகள் செத்த பிறகு அந்த வாழ்க்கை முடிவுக்கு வந்தது. தொடரில் வரும் டோன்ஸ் கிராசிங் கூட, ரெட் ஆற்றைத் தாண்டும் மந்தை ஓட்டிகளுக்காக 1878-இல் கடை போடப்பட்ட உண்மையான இடம். மாடு ஓட்டுகிறவர்களின் கதையையும் வண்டி கட்டிப் போகிறவர்களின் கதையையும் ஒரே தொடரில் சொல்ல ஆசைப்பட்டார். முப்பது ஆண்டு இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

ஃபோர்ட் வொர்த்தில் பில்லி பாப் தார்ன்டன் நடித்த ஜிம் கோர்ட்ரைட் பாத்திரமும் இவ்வகையே. அவர் நிஜமாகவே அந்நகரின் மார்ஷலாக, அதாவது காவல் தலைவராக, இருந்தவர். ஆனால் 1876 முதல் 1879 வரை மட்டும். 1887-இல் துப்பாக்கிச் சண்டையில் செத்தார்.

நம் ஊரில் வண்டி என்றால் மாடு. அங்கே குதிரையா பூட்டினார்கள்?
— வாசகர், மன்னார்குடி

தொடரில் குதிரைகள்தான் கண்ணில் அதிகம் படுகின்றன. நிஜத்தில் பெரும்பாலோர் பூட்டியது எருதுகளையே. குதிரையைவிட விலை குறைவு, வழியில் கிடைக்கும் புல்லைத் தின்றே பாரம் இழுக்கும், களவு போகும் பயமும் குறைவு. வண்டியில் சாமான்தான் இருக்கும். நோயாளிகளும் சிறு குழந்தைகளும் தவிர மற்றவர்கள் பக்கத்தில் நடந்தே போனார்கள். கூண்டுக்குள் சொகுசாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போவதெல்லாம் படத்துக்காக. வில் (ஸ்பிரிங்) இல்லாத அந்த வண்டியில் ஏறினால் எலும்பு கழன்றுவிடும்.

வழியில் என்ன சமைத்தார்கள், எதைக் கொண்டு எரித்தார்கள் என்பதைத் தொடர் சரியாகவே காட்டவில்லை. சமையலில் ஆர்வமுள்ளவள் என்பதால் கேட்கிறேன்.
— வாசகி, காரைக்குடி

நல்ல கேள்வி. துப்பாக்கிக்கு ஒதுக்கிய நேரத்தில் கொஞ்சத்தை அடுப்புக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

அக்காலப் பரிந்துரைகளில் காணப்படும் அளவு, வயது வந்த ஆள் ஒருவருக்கு ஏறத்தாழ 90 கிலோ மாவு, 70 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பிட்ட பன்றி இறைச்சி, ஐந்து கிலோவுக்குள் காப்பிக் கொட்டை, அதற்கு இரண்டு மடங்கு சர்க்கரை, உப்பு. இவற்றோடு காய்ந்த பீன்ஸும் உலர்ந்த ஆப்பிளும் உண்டு. வெயிலில் உருகிவிடாமல் இருக்க, இறைச்சியைத் தவிட்டுப் பீப்பாய்க்குள் புதைத்து வைப்பார்கள். கூடவே கறவை மாடு வந்தால், காலையில் கறந்த பாலின் ஆடையைக் கடைசல் பானையில் ஊற்றி வண்டியில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார்கள். பகல் முழுவதும் வண்டி குலுங்குகிற குலுக்கலில், மாலை கூடாரம் போடும்போது வெண்ணெய் திரண்டிருக்கும். மத்து எடுத்துக் கடையும் வேலை மிச்சம்.

எரிபொருள்தான் பெரிய சங்கடம். அந்தச் சமவெளியில் நாள் கணக்கில் நடந்தாலும் ஒரு மரம் தென்படாது. அதனால் காட்டெருமைகள் போட்டுக் காய்ந்துபோன சாணத்தைப் பொறுக்கி எரித்தார்கள். நம் வறட்டியைப் போலத் தட்டிக் காயவைக்கும் வேலை கூட இல்லை. வெயிலே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. கிழக்கு நகரங்களிலிருந்து வந்த பெண்கள் முதலில் அதைக் குச்சியால் தள்ளிப் பார்த்து முகம் சுளித்து, பிறகு மேலங்கி முந்தியில் அள்ளிக்கொண்டு வரப் பழகினார்கள். இங்கும் ஆண்டுக் கணக்கு இடிக்கிறது. 1883 என்பது தோல் வேட்டைக்காரர்களால் வடபகுதிக் காட்டெருமை மந்தையும் ஏறத்தாழ அழிந்துபோன நேரம். தென்பகுதி மந்தை அதற்கு முன்பே போய்விட்டது.

எபிசோடுக்கு நான்கு சாவு. ஆற்றில் மூழ்கி, பாம்பு கடித்து, சுடப்பட்டு, தூக்கில் தொங்கி! இத்தனை பேர் செத்திருந்தால் யார்தான் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?
— வாசகர், சேலம்

பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே உண்மை. தொடரில் இறப்பின் விகிதம் மிகை. இறப்பின் காரணங்கள் பாதி சரி, பாதி தவறு.

ஆறு கடக்கும் காட்சியை நான் முழுமையாக ஏற்கிறேன். நான்காவது எபிசோடு அதற்காகவே எழுதப்பட்டது. நீந்தத் தெரியாத மக்கள், ஆழம் தெரியாத தண்ணீர், ஊரிலிருந்து கட்டி இழுத்து வந்த கனமான சாமான்களைக் கரையிலேயே விட்டுவிடச் சொல்லும் வழிகாட்டி, விட மனமில்லாத குடும்பங்கள் என்று எல்லாம் நிஜம். பழைய தடத்தின் ஓரத்தில் இரும்பு அடுப்புகளும் மர அலமாரிகளும் கேட்பாரற்றுக் கிடந்ததை அக்காலப் பயணிகள் எழுதியிருக்கிறார்கள். நீரில் மூழ்குவது, குழந்தைகள் தவறி விழுந்து வண்டிச் சக்கரத்தில் சிக்குவது, தன் துப்பாக்கி தானே வெடிப்பது ஆகியவை அன்றாட விபத்துகள்.

ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கொன்றது காலரா. 1849-இலிருந்து நான்கைந்து ஆண்டுகள் தடத்தை ஒட்டி ஓடும் பிளாட் ஆற்றின் கரை நெடுக அது ஆளைத் தின்றது; காலையில் திடமாக நடந்தவர் மாலைக்குள் போய்விடுவார். ஒருவர் மலம் கழித்த இடத்துக்குப் பக்கத்தில் அடுத்தவர் குழி தோண்டித் தண்ணீர் எடுத்தால் வேறு என்ன ஆகும்? தொடரில் அம்மை நோய் வருகிறது. தன் மனைவியையும் மகளையும் அதற்குப் பறிகொடுத்த ஷே, அவர்களோடு வீட்டையும் கொளுத்திவிட்டு வருவதுதான் அவருடைய அறிமுகமே. ஷேயாக நடித்த சாம் எலியட் அந்தக் காட்சியில் அழுவதைப் பார்த்தவர்கள், அவருக்கு நடிகர் சங்க விருது கிடைத்ததில் வியப்படைந்திருக்க மாட்டார்கள்.

பூர்வகுடிகளின் தாக்குதல்தான் பெரிய ஆபத்து என்பது சினிமா வளர்த்த நம்பிக்கை. ஜான் அன்ரூ என்ற வரலாற்றாசிரியர் 1840 முதல் 1860 வரையிலான பதிவுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர் என்றும், குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்றும் தெரியவந்தது. லட்சக்கணக்கானவர்கள் போன பாதையில் இருபது ஆண்டுகளுக்கான கணக்கு இது. ஆறு கடத்திவிட்டதும், வழி காட்டியதும், உணவு விற்றதும் பெரும்பாலும் பூர்வகுடி மக்களே.

எல்சாவின் உடலில் அம்பு பாய்ந்த பிறகும் அவள் நாள் கணக்கில் பேசுகிறாள், குதிரை ஏறுகிறாள். பிறகு இறக்கிறாள். மருத்துவப்படி இது சாத்தியமா? நான் செவிலியாக இருந்தவள்.
— வாசகி, வேலூர்

தாங்கள் அறியாததை நான் சொல்லிவிட முடியாது. ஆயினும் அந்தக் காலத்து மருத்துவத்தைப் பற்றிச் சொல்லலாம். அவளைக் கொல்வது காயமாக இல்லாமல், காயத்தில் சேர்ந்த அழுக்காக இருப்பது தொடரில் மிகச் சரியாக அமைந்த விஷயங்களுள் ஒன்று. இரண்டே ஆண்டு முன்னர், 1881 ஜூலையில், அமெரிக்க ஜனாதிபதி ஜேம்ஸ் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உயிர்நிலையில் படவில்லை. கழுவாத விரல்களை விட்டு மருத்துவர்கள் குண்டைத் தேடித் தேடிப் புண்ணைச் சீழ் பிடிக்க வைத்தார்கள்; செப்டம்பரில் அவர் இறந்தார். கிருமிநாசினி கொண்டு அறுவை செய்யும் முறையைப் பிரிட்டிஷ் மருத்துவர் லிஸ்டர் 1867-இலேயே வெளியிட்டிருந்தும், அமெரிக்க மருத்துவர்களில் பலர் அதை நம்பவில்லை. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. நாட்டின் தலைநகரத்தில் ஜனாதிபதிக்கே கதி இதுவென்றால், வையோமிங் பொட்டல்வெளியில் ஒரு பெண்ணுக்கு என்ன கிடைத்துவிடும்? அவள் பிழைக்க மாட்டாள் என்பது தெரிந்ததும் அவளுடைய தாய் தந்தையர் மருத்துவரைத் தேடுவதை விட்டு, அவளைப் புதைத்த இடத்திலேயே நாம் தங்கிவிடுவோம் என்ற முடிவுக்கு வருகிறார்கள். ஆரெகன் போகவேண்டிய குடும்பம் மொன்டானாவில் நின்றதற்கு முழுக் காரணம் அந்தக் கல்லறைதான். தொடரின் மற்ற ஓட்டைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டு நான் கடைசிவரை பார்த்தது இதற்காகவே.

முதல் காட்சியிலேயே எல்சா மீது அம்பு பாய்வதைக் காட்டிவிட்டார்கள். முடிவைத் தாங்களே போட்டு உடைப்பார்களா?
— வாசகர், தேனி

நம் கதைப்பாட்டுகளிலும் கூத்துகளிலும் முடிவு தெரியாமல் யார் உட்கார்ந்தார்கள்? அவள் இறப்பாளா என்பதைவிட, எப்போது, எங்கே என்பதுதான் இங்கே கேள்வி. தவிர, இறந்த பின்பும் அவள் ஓய்வதில்லை. அடுத்து வந்த ‘1923’ தொடருக்கும் அவளே கதை சொல்லி.

ஜேம்ஸ் டட்டனும் மார்கரெட்டும் நிஜ வாழ்க்கையிலும் கணவன் மனைவியாமே! டாம் ஹாங்க்ஸ் எதற்காக ஒரு நிமிடம் வந்து போனார்?
— வாசகி, புதுச்சேரி

ஆம், எல்சாவின் பெற்றோராக நடித்த டிம் மெக்ராவும் ஃபெய்த் ஹில்லும் 1996-இல் மணந்துகொண்ட நாட்டுப்புற இசைப் பாடகர்கள். சண்டைபோடும் காட்சிகளில் இருவருக்கும் நடிப்பு தேவைப்படவில்லை என்று தோன்றும் அளவுக்கு இயல்பு. டாம் ஹாங்க்ஸ், 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆன்டீட்டம் போர்க்களத்தில் தோற்றுச் சரிந்து கிடக்கும் ஜேம்ஸின் தோளில் கை வைக்கும் எதிரிப்படைத் தளபதி ஜார்ஜ் மீடாக வருகிறார். அவருடைய மனைவி ரீட்டா வில்சன் டோன்ஸ் கிராசிங்கில் கடைக்காரப் பெண்மணியாக வருகிறார். குடும்ப விழா போலத்தான்.

தாமஸ் பாத்திரம்தான் எனக்குப் பிடித்தது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கறுப்பின மனிதர் வெள்ளையர் கூட்டத்துக்கு வழிகாட்டியாக இருந்திருப்பாரா? கற்பனை அல்லவா?
— வாசகர், தூத்துக்குடி

கற்பனை இல்லை. அந்தக் கால மாடு ஓட்டிகளில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் சொல்லும் பொது மதிப்பீடு. உள்நாட்டுப் போருக்குப் பின் 1866-இல் கறுப்பின வீரர்களைக் கொண்டே குதிரைப்படைப் பிரிவுகள் அமைந்தன. தாமஸ் அவற்றிலிருந்து வந்தவர். லமோனிகா கேரட் அவரை அளந்து பேசும் மனிதராக, யாரிடமும் குழையாதவராக நடித்திருக்கிறார்.

என்னை உறுத்தியது வேறொன்று. தாமஸும் ரோமானி இனத்து விதவையான நோயமியும் கடைசியில் ஆரெகனில் நிலம் பிடித்துச் சேர்ந்து வாழத் தொடங்குகிறார்கள். பார்ப்பவர்களும் அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். ஆனால் 1859-இல் மாநிலமான ஆரெகன், கறுப்பின மக்கள் வந்து குடியேறக் கூடாது என்று தன் அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருந்த மாநிலம். 1868-இல் வந்த தேசிய அரசியல் சட்டத் திருத்தத்தால் அந்த விதி செல்லாததாகிவிட்டாலும், 1926 வரை அதை ஏட்டிலிருந்து நீக்கவில்லை. கறுப்பினத்தவர் வெள்ளையரை மணப்பதற்கு அங்கே இருந்த தடை 1951-இல்தான் போயிற்று. தாமஸ் போன்ற ஒருவர் அந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருந்திருக்கும். தொடர் அங்கே நிற்காமல் அழகான பள்ளத்தாக்கைக் காட்டிவிட்டுக் கடந்து போய்விடுகிறது.

பூர்வகுடிகளை வில்லன்களாகக் காட்டும் பழைய வழக்கத்தை இத்தொடர் விட்டுவிட்டது என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தங்கள் கருத்து?
— வாசகர், மதுரை

விட்டுவிட்டது, ஆனால் முழுமனதோடு விடவில்லை.

பாராட்ட வேண்டியது இது. வண்டிகளைத் தாக்கும் லகோட்டா பூர்வகுடி வீரர்களுக்குத் தொடர் ஒரு காரணம் கொடுக்கிறது. அவர்கள் வேட்டைக்குப் போயிருந்த நேரத்தில், குதிரைத் திருடர்கள் அவர்களுடைய முகாமில் புகுந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றுவிடுகிறார்கள். திரும்பி வந்தவர்கள், தடம் பார்த்து வண்டிக்காரர்கள்தான் கொலையாளிகள் என்று தவறாக முடிவு செய்கிறார்கள். பழைய படங்களில் இந்த அளவுக்கு எட்டியவை மிகக் குறைவு.

இனிக் குறைகள். கமான்சேக்களின் கடைசிப் பெரும் தலைவரான குவானா பார்க்கர் 1875-இலேயே சரணடைந்துவிட்டார். லகோட்டா தலைவர் சிட்டிங் புல் 1881-இல் ஆயுதத்தை ஒப்படைத்தார். 1883-இல் இவ்விரு மக்களும் ஒதுக்கப்பட்ட பகுதிகளில், அரசு தரும் ரேஷனை நம்பி, வேட்டைக்குக் காட்டெருமையும் இல்லாமல் இருந்தார்கள். அந்தப் பசியின் கதையைத் தொடர் சொல்லவில்லை. கமான்சே இளைஞன் சாமைப் பாருங்கள். அவனுக்கென்று ஒரு கடந்த காலம் உண்டு, ஆனால் கதையில் அவனுடைய முதன்மை வேலை எல்சாவைக் காதலிப்பதும் அவளுக்கு ஒரு புதுப் பெயர் சூட்டுவதும்தான்.

பெரிய உறுத்தல் கடைசியில் இருக்கிறது. ஒனைடா மக்களைச் சேர்ந்த கிரஹாம் கிரீன் நடித்த, க்ரோ என்ற பூர்வகுடியின் முதியவர் ஸ்பாட்டெட் ஈகிள், பேரடைஸ் பள்ளத்தாக்குக்குப் போ என்று ஜேம்ஸுக்கு வழிகாட்டுகிறார். ஏழு தலைமுறை கழித்து என் மக்கள் எழுந்து அதை மீட்டுக்கொள்வார்கள் என்றும் சொல்கிறார். நடிப்பு அபாரம். ஆனால் நிலத்துக்கு உரியவரே இடத்தைக் காட்டிக் கொடுத்தார் என்று எழுதிவிட்டால், எடுத்துக்கொண்டவர் மேல் பழி விழாது. நடந்தது வேறு. அந்தப் பள்ளத்தாக்கில் ஆற்றுக்குக் கிழக்கே இருந்த நிலம் 1868 ஒப்பந்தப்படி க்ரோ மக்களுக்கு உரியது. அவர்களுக்கான முதல் அரசு அலுவலகமே லிவிங்ஸ்டனுக்கு அருகில்தான் இருந்தது. சுரங்கக்காரர்களும் ரயில் நிறுவனமும் கேட்க, க்ரோ நிலத்தின் மேற்குப் பகுதியை விட்டுக்கொடுக்கும் உடன்பாட்டை அமெரிக்க நாடாளுமன்றம் 1882-இல் உறுதி செய்தது. ஜேம்ஸ் டட்டன் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன்பு! தொடருக்கு 1883 என்று பெயர் வைத்தவர்கள் இந்த ஒன்றைச் சொல்லியிருந்தால், மற்ற ஆண்டுப் பிழைகளையெல்லாம் நான் மன்னித்திருப்பேன்.

‘யெல்லோஸ்டோன்’ 2024 இறுதியில் முடிந்தபோது, டட்டன் குடும்பத்தின் பண்ணை நிலம் பூர்வகுடிகளுக்கே சொற்ப விலையில் திரும்பப் போவதாகக் காட்டினார்கள். ஏழு தலைமுறைக் கணக்கைத் தீர்க்க நினைத்திருக்கிறார்கள்.

நான் சிறு வயதில் வெளிநாட்டில் வளர்ந்தவன். அப்போது ‘வேகன் டிரெய்ன்’ என்று ஒரு தொடர் வரும். அதன் பக்கத்தில் ‘1883’ நிற்குமா?
— மூத்த வாசகர், சென்னை

இரண்டும் இரு வேறு ஜாதி. ‘வேகன் டிரெய்ன்’ 1957 முதல் 1965 வரை எட்டு சீசன்கள் ஓடியது. 1961–62 பருவத்தில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. வண்டித் தலைவராக நடித்த வார்டு பாண்ட் 1960-இல் இறந்துவிட, வேறொரு நடிகரை வேறொரு தலைவராகக் கொண்டு வண்டிகளை நிறுத்தாமல் ஓட்டினார்கள். வாரத்துக்கு ஒரு புது விருந்தினர், அவருக்கு ஒரு சிக்கல், ஒரு மணி நேரத்தில் தீர்வு. வண்டி வரிசை என்பது அங்கே ஊர் ஊராகப் போகும் ஒரு மேடை. ‘ஸ்டார் டிரெக்’ தொடரை உருவாக்கியவர், விண்வெளியில் ஒரு ‘வேகன் டிரெய்ன்’ என்று சொல்லித்தான் தன் எண்ணத்தை விற்றார் என்பதிலிருந்து அந்த வடிவத்தின் செல்வாக்கு விளங்கும். நல்ல மனிதர்கள் நன்றாகப் போய்ச் சேர்வார்கள் என்ற உறுதியை அது ஒவ்வொரு வாரமும் கொடுத்தது. ‘1883’ அதைக் கொடுக்க மறுக்கிறது. கடைசி எபிசோடில் ஷே, மனைவிக்குக் கொடுத்த வாக்குப்படி பசிபிக் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்து, தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறார். 1957-இல் இப்படி ஒரு முடிவை எந்த நிலையமும் ஒளிபரப்பியிருக்காது. நிதானமான கதைசொல்லலுக்குப் பழையது, வலிக்குப் புதியது என்பது என் எண்ணம். தங்கள் இளமை நினைவோடு போட்டியிட எந்தத் தொடராலும் முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘யெல்லோஸ்டோன்’ பார்க்காமல் இதைப் பார்க்கலாமா?
— வாசகர், திண்டுக்கல்

தாராளமாக. என்னைக் கேட்டால் அதுவே நல்லது.

பள்ளியில் அமெரிக்க வரலாறு படிக்கும் பன்னிரண்டு வயது மகனோடு பார்க்கலாமா? இதே போன்று வேறு என்ன பார்க்கலாம்?
— வாசகி, ஒசூர்

மகனோடு வேண்டாம். முதல் எபிசோடிலேயே, விடுதி அறைக்குள் குடிகாரன் ஒருவன் நுழைந்து எல்சாவைத் தாக்குவதும் அவளுடைய தந்தை அவனைச் சுட்டுக் கொல்வதும் உண்டு. பின்னால் வருபவை அதைவிடக் கடுமை. அவனுக்கு அந்தத் தடத்தின் வரைபடத்தைக் கொடுத்து, ஆறுகளையும் கோட்டைகளையும் தேடிக் குறிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

தாங்கள் தனியே பார்ப்பதாக இருந்தால், 2025-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘அமெரிக்கன் பிரைமீவல்’ இருக்கிறது, ஆறே எபிசோடுகள். 1857 செப்டம்பரில், ஆர்கன்சாஸிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக் கூட்டத்தில் ஏறத்தாழ 120 பேரை, யூட்டாவின் மவுன்டன் மெடோஸ் என்ற இடத்தில் மார்மன் என்ற சமயப் பிரிவின் ஆயுதப் படையினர் கொன்ற உண்மைச் சம்பவத்தைச் சுற்றி எழுதப்பட்டது. சிறு குழந்தைகள் 17 பேரை மட்டும் விட்டுவைத்தார்கள். பழியைப் பூர்வகுடிகள் மேல் போடப் பார்த்தார்கள். இருபது ஆண்டு கழித்து, ஜான் லீ என்ற ஒரே ஒருவருக்கு அதே இடத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தங்கள் தலைவர் பிரிகம் யங்கைச் சித்திரித்த விதம் தவறு என்று மார்மன் திருச்சபை அத்தொடருக்கு எதிர்ப்புத் தெரிவித்தது. பனியும் சேறும் ரத்தமுமாகப் படம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். ‘1883’-இல் எல்சா அதிகம் பேசுகிறாள் என்று குறைபட்டவர்களுக்கு ஒரு நற்செய்தி: இதில் யாரும் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.